விருந்தாளிக்குக் கொடுத்த புது மிஷின்

தண்டையார்பேட்டையில் மலிகாவின் கடை எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ரெஃப்ரி பொண்ணு கடை எங்கே என்று கேட்டால், கையைப் பிடித்து அழைத்துப் போய் வாசலிலேயே விட்டுவிடுவார்கள். அவளுடைய அத்தா ரஷீது வார நாளெல்லாம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஞாயிற்றுக்கிழமையானால் கறுப்பு டவுசரும் விசிலுமாகக் கால்பந்து மைதானத்தில் ரெஃப்ரியாக நிற்பார். ஒருமுறை சொந்தத் தம்பி மகன் ஆடிய டீமுக்கு எதிராகவே பெனால்டி கொடுத்துவிட்டார். அந்த வருஷம் பக்ரீத்துக்குத் தம்பி வீட்டிலிருந்து கறி வரவில்லை. வராவிட்டால் போகிறது என்று அவர் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டார். அந்த ரசத்தை ஊற்றியவள் மலிகா. அப்போது அவளுக்குப் பாவாடை சட்டை வயசு.

அவளைக் கட்டிக்கொடுத்தார்கள், சரிப்படவில்லை, திரும்பி வந்தாள். வந்தவள் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. அத்தா மௌத்தாகிக் கண் மூடிய பிறகு, வீட்டின் தெருப்பக்க அறையைத் தட்டி எடுத்து நாலு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டாள். காலையில் ரயில் டிக்கெட் பார்க்க வருகிறவர்கள், பரீட்சை ரிசல்ட் பார்க்க வருகிறவர்கள். மத்தியானத்துக்கு மேல் எல்லாம் பையன்கள். வெளியே எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி அனுமார் வால் மாதிரி நிற்கும். ஹார்பர் கேட் திறக்கும் வரை லாரி கிளீனர்களும் உள்ளே வந்து ஒரு கை ஆடிவிட்டுப் போவார்கள்.

அவர்கள் ஆடிய ஆட்டத்துக்குச் சிடிப் பெட்டி மேல் ஏதோ இங்கிலீஷ் பெயர். யார் வாயிலும் நுழையாததால் கொடவுன் ஆட்டம் என்று ஆக்கிக்கொண்டார்கள். பாழடைந்த ஒரு கிடங்கு. இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர். மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து ஒருத்தனை ஒருத்தன் சுட வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான். ஆனால் கண் சிமிட்டும் நேரம் தாமதித்தவன் செத்தான்.

மலிகாவுக்கு அந்த ஆட்டம் ஆட வராது. ஆட்டத்துக்குச் சட்டம் போட நன்றாக வரும். காசு சுண்டிப் போட்டுத்தான் பக்கம் பிரிக்க வேண்டும். பாதி ஆட்டத்தில் கிடங்கின் இந்த வாசல்காரர்கள் அந்த வாசலுக்கு மாற வேண்டும். அடுத்தவன் திரையை எட்டிப் பார்த்தால் எழுந்து வெளியே போக வேண்டும். அவள் தம்பி ஷாரிக் ஒருமுறை எட்டிப் பார்த்து மாட்டினான். கூடப்பிறந்தவன் ஆயிற்றே என்று பார்க்கவில்லை. ஒரு வாரம் கடை வாசற்படி ஏறக்கூடாது என்றுவிட்டாள். அவனுக்குச் சாப்பாடு பின்கட்டு வழியாகப் போயிற்று.

சுனாமி வந்து போனதற்கு அடுத்த வருஷம் மலிகா இன்னும் நாலு மிஷின் வாங்கினாள். புத்தம் புதுசு. பழசைவிட வேகமானது, ஞாபகசக்தி கூடுதலானது என்று விற்றவன் சத்தியம் செய்தான். அதற்கென்றே கொடவுன் ஆட்டத்தின் சிடியும் நாலு புதுசாக வாங்கினாள். ஒரு சிடிக்கு ஒரு நம்பர். ஒரே நம்பரை வைத்துக்கொண்டு இரண்டு மிஷின் ஒரே ஆட்டத்தில் உட்கார முடியாது. புது சிடியைப் போட்டபோது, ஆட்டத்துக்கு முன்னால் லாஞ்சர் என்று ஒரு புரோகிராம் தானாக ஏறி உட்கார்ந்தது. இனிமேல் அதைத் திறந்து, அதில் பெயரும் ரகசிய எழுத்தும் கொடுத்தால்தான் அது ஆட்டத்தைத் திறந்துவிடும். பழைய சிடியில் அப்படி ஒன்று கிடையாது. தட்டினால் ஆட்டம் நேராகத் திறக்கும். கம்பெனிக்காரன் வாசலில் ஒரு ஆளை நிறுத்தியிருக்கிறான், நிற்கட்டுமே என்று மலிகா விட்டுவிட்டாள். வாசலில் நிற்கிற ஆள் உள்ளே வந்து சோற்றில் கை வைப்பான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

எட்டு மிஷின் ஆனதும் ஷாரிக்குக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வியாசர்பாடியில் வல்லரசு என்று ஒரு பையன், கன்டெய்னர் யார்டில் நாள் கூலிக்குப் போகிறவன். கொடவுன் ஆட்டத்தில் அவனை மிஞ்ச ஆள் இல்லை என்று பேச்சு. அவனையும் அவன் டீமையும் ஷாரிக் ஆட்டத்துக்கு அழைத்தான். ஏரியாவுக்கு ஏரியா கால்பந்து ஆடிய வழக்கம்தான். மைதானம் மட்டும் நாற்காலி மேசை ஆகியிருந்தது.

வியாசர்பாடிக்காரர்கள் வந்தார்கள். தலை வாரி, சட்டையை இஸ்திரி போட்டு, மாப்பிள்ளை வீட்டுக்கு வருகிற மாதிரி வந்தார்கள். மலிகா வாசலுக்கே போய் அழைத்து வந்து, ஃபேனுக்குக் கீழே இருந்த புது மிஷின் நாலிலும் அவர்களை உட்கார வைத்தாள். ஷாரிக்குக்கு முகம் தொங்கிப் போனது. அந்த நாலும் தனக்கு என்று ஆசை வைத்திருந்தான்.

“வூட்டுக்கு வந்தவங்களுக்கு நல்ல தட்டு, நமக்கு சொட்ட தட்டு. அத்தா இருந்தா இதான் செஞ்சிருப்பாரு. போய் உக்காரு” என்றாள் மலிகா.

அவன் போய்ப் பழைய மிஷினில் உட்கார்ந்தான். விசைப்பலகையில் பாதி எழுத்து அழிந்து போன மிஷின் அது.

ஆட்டம் ஆரம்பித்தது. முதல் சுற்றில் வியாசர்பாடிக்காரர்கள் நாலு பேரும் ஈசல் மாதிரி விழுந்தார்கள். புது இடம், கை பழகவில்லை என்று வல்லரசு சிரித்தான். இரண்டாவது சுற்றிலும் அதே கதி. மூன்றாவதில் அவன் சிரிக்கவில்லை. மூட்டைக்குப் பின்னாலிருந்து எழுந்து குறி வைப்பான்; வைத்த நேரம் பார்த்துத் திரையில் படம் அப்படியே நிற்கும். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். படம் மறுபடி ஓடும்போது அவன் தரையில் செத்துக் கிடப்பான். பக்கத்து நாற்காலியிலும் அதே கதை. பாதி ஆட்டத்தில் கிடங்கில் வாசல் மாறினார்கள். வாசல் மாறியது, நாற்காலி மாறவில்லை. அதனால் கதையும் மாறவில்லை.

ஆட்டம் முடிந்தபோது வியாசர்பாடி ஒரு சுற்றுகூட ஜெயிக்கவில்லை. ஷாரிக்கின் ஆட்கள் மேசையைத் தட்டிக் கூத்தாடினார்கள். வல்லரசு மெதுவாக எழுந்தான். ஷாரிக்கை அவன் பார்க்கவே இல்லை. நேராக மலிகாவிடம் வந்தான்.

“யக்கா, நாங்க தோப்போம். தோத்தா கைய குடுத்துட்டுப் போய்கினே இருப்போம். ஆனா கூப்ட்டு உக்கார வெச்சு, நின்னு நின்னு போற மிஷின எங்க தலைல கட்டிட்டியே. ரெஃப்ரி பொண்ணுன்னு நம்பி வந்தோம்.”

அவ்வளவுதான் சொன்னான். கூட வந்தவர்களை அழைத்துக்கொண்டு படி இறங்கிவிட்டான். அவர்களுக்கென்று வாங்கி வைத்த சமோசா பொட்டலம் பிரிக்கப்படாமல் மேசையில் இருந்தது.

திட்டியிருந்தால் மலிகாவும் திருப்பித் திட்டியிருப்பாள். அவளுக்கு வாய் ஒன்றும் சின்னதில்லை. ஆனால் அத்தாவின் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஷாரிக் வந்து, தோற்றவன் நாலும் சொல்வான் விடுக்கா என்றான். அவள் அவனைப் பிடித்து, வல்லரசு உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். ஆடு என்றாள்.

ஷாரிக் ஆடினான். குறி வைத்தான். படம் நின்றது. செத்தான். மறுபடி எழுந்தான், ஓடினான், படம் நின்றது, செத்தான். அக்காவைத் திரும்பிப் பார்த்தபோது அவன் முகத்தில் பேயறைந்த களை.

“இன்னாக்கா இது? புச்சு மிஷின்க்கா இது.”

அந்தப் பையன்கள் பொய் சொல்லவில்லை. அதுதான் மலிகாவைத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் பொய் சொல்லியிருந்தால் ஒரு வருத்தத்தோடு போயிருக்கும். நிஜமாகவே விருந்தாளிகளுக்கு நொண்டி மிஷினைக் கொடுத்திருக்கிறாள், அதுவும் நல்லது என்று நினைத்துக் கொடுத்திருக்கிறாள். இதை யாரிடம் சொன்னால் நம்புவார்கள்? வியாசர்பாடியிலிருந்து பேச்சு புளியந்தோப்புக்குப் போகும், அங்கிருந்து ராயபுரத்துக்கு வரும். ரஷீது விசிலுக்கு இருந்த மரியாதை, மகள் கடையில் மண்ணாய்ப் போனது என்பார்கள்.

இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். பிறகு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து வியாசர்பாடிக்கே போய்விட்டாள்.

வல்லரசு வேலைக்குப் போயிருந்தான். ஹவுசிங் போர்டு வீட்டின் வாசலில் அவன் அம்மா ரமாபாய் பிளாஸ்டிக் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிறவள். கூட்டத்தில் பேசச் சொன்னால் மைக் இல்லாமலே பேசுகிற குரல். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் குடத்தை டக்கென்று கீழே வைத்தாள்.

“வாம்மா. இன்னா, மிச்சம் மீதி அவமானம் எதுனா கீதா, குடுத்துட்டுப் போலாம்னு வந்தியா?”

மலிகா தான் வந்த காரணத்தைச் சொன்னாள். மிஷின் நின்றது நிஜம் என்று ஒத்துக்கொண்டாள். ஏன் நின்றது என்று தனக்கே தெரியவில்லை, வேண்டுமென்று செய்யவில்லை என்றாள். ரமாபாய் இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் மகன் தோற்றதற்கு அவள் கவலைப்படவில்லையாம். அன்று முதல் அவன் யாரிடமும் பேசாமல், இஸ்திரி போட்ட அந்தச் சட்டையைப் போடவும் மாட்டேன் என்கிறானாம். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

“வார்த்தை வேணாங்க்கா. ஞாயித்துக்கெழம கடைய சாத்திட்டு அந்த மிஷின தொறக்கப் போறேன். உங்க பையனும் நீங்களும் வந்து பக்கத்துல நில்லுங்க. உள்ள இன்னா கீதோ, உங்க கண்ணு முன்னாடி வரட்டும்” என்றாள் மலிகா.

மிஷினுக்குள் என்ன இருக்கும் என்று அவள் ஒரு முடிவோடுதான் இருந்தாள். அந்தப் பக்கத்தில் எது கெட்டாலும், துறைமுகத்து நிலக்கரிக் குவியலிலிருந்து பறந்து வருகிற கரித்தூள்தான் காரணம். மிக்ஸி சுற்றாவிட்டால் கரித்தூள், பிள்ளை இருமினால் கரித்தூள், கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டி சாம்பல் வேட்டியானாலும் கரித்தூள். காலையில் பெருக்கிவிட்டு மத்தியானம் வெறுங்காலோடு நடந்தால் உள்ளங்கால் தோசைக்கல் அடி மாதிரி ஆகிவிடும். புது மிஷின்கள் இருந்ததோ ஜன்னல் ஓரம். காற்று நேராக அங்கேதான் வரும். விருந்தாளிக்குக் காற்று வேண்டும் என்று பார்த்தாளே தவிர, காற்றோடு கரியும் வரும் என்று பார்க்கவில்லை. அதுதான் தான் செய்த தப்பு என்று அவள் நிச்சயமாக நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். வல்லரசு வாசல் பக்கமாக நின்றுகொண்டான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ரமாபாய் நடு நாற்காலியை இழுத்துப் போட்டு நீதிபதி மாதிரி உட்கார்ந்தாள். மலிகா பெயிண்ட் அடிக்கிற பிரஷ், சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்ப், ஈரமில்லாத பழைய துணி எல்லாவற்றையும் பரப்பினாள். தூள் பறக்கும் என்று ஃபேனை நிறுத்தச் சொன்னாள். ஷாரிக் திருப்புளியால் முதல் மிஷினின் பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றினான்.

உள்ளே பளபளவென்று இருந்தது.

மலிகா விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அடுத்ததைக் கழற்றச் சொன்னாள். அதுவும் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பழைய மிஷின் ஒன்றைக் கழற்றினார்கள். அதற்குள் கரி அப்பளமாகப் படிந்திருந்தது, செத்த பல்லி ஒன்றும் கிடந்தது. அந்த மிஷினில்தான் ஷாரிக் வெள்ளைக் குதிரையில் போகிற மாதிரி ஆடி ஜெயித்திருந்தான்.

மலிகா கையில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றுவிட்டாள். கரித்தூளைக் காட்டி மன்னிப்புக் கேட்கலாம் என்று அழைத்து வந்தாள். இப்போது காட்டுவதற்குக் கரித்தூளும் இல்லை. தானே சாட்சி கூப்பிட்டுத் தன் கழுத்தில் கயிறு மாட்டிக்கொண்ட கதையாகிவிட்டது. வல்லரசு செருப்பைத் தேட ஆரம்பித்தான்.

ஃபேன் நின்றிருந்ததால் அறை நிசப்தமாக இருந்தது. அந்த நிசப்தத்தில்தான் மலிகாவின் காதில் அது விழுந்தது. இன்னும் கழற்றாத, ஓடிக்கொண்டிருந்த மற்ற இரண்டு புது மிஷின்களிலிருந்தும் கரகர, கரகரவென்று சத்தம். எலி பலகையைச் சுரண்டுகிற மாதிரி. யாரும் அதன் முன்னால் உட்காரவில்லை, ஆட்டம் எதுவும் திறந்திருக்கவில்லை. ஆனாலும் முன்பக்கத்துச் சின்ன விளக்கு விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. பழைய மிஷின்களைப் பார்த்தாள். அவை சாப்பிட்டுவிட்டுப் படுத்த ஆள் மாதிரி அமைதியாக இருந்தன. தினமும் ஃபேன் போடுகிற சத்தத்தில் இது கேட்டதே இல்லை.

“ஷாரிக், இது ரெண்டும் யாருக்குடா வேல செய்துகினு கீது?” என்றாள்.

செருப்பைப் போட்டுக்கொண்டிருந்த வல்லரசு ஒரு காலோடு நின்று காது கொடுத்தான். பிறகு செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தான். மூன்று விசையை ஒருசேர அமுக்கி, மிஷினுக்குள் இப்போது என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் கட்டத்தைத் திறந்தான். எல்லாவற்றுக்கும் மேலே அந்த லாஞ்சரின் பெயர் இருந்தது. ஆட்டத்தைத் திறந்துவிடுகிற வேலைக்கு வந்தது, திறக்காத நேரத்திலும் மிஷினின் ஞாபகசக்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. கூடவே ஃபோன் லைன் வழியாகக் கடல் தாண்டி எங்கேயோ இருந்து எதையோ இறக்கிக்கொண்டும், இறக்கியதை எழுதிக்கொண்டும் இருந்தது. நாலு புது மிஷினிலும் நாலு லாஞ்சர். ஆட்டத்தன்று அந்த ஒற்றை ஃபோன் லைனை நாலும் ஆளுக்கொரு பக்கம் இழுத்திருக்கின்றன.

ஆட்டத்தைத் திறந்து பார்த்தார்கள். ஆட்டம் ஓடும்போதும் அது எழுந்து போகவில்லை. அது எப்போதெல்லாம் வாய் வைத்ததோ, அப்போதெல்லாம் படம் நின்றது.

வல்லரசு லாஞ்சரை மட்டும் நிறுத்தினான். கூடவே ஆட்டமும் செத்து விழுந்தது. சரி, வெளியிலிருந்து எதுவும் வர வேண்டாம் என்று மலிகா ஃபோன் ஒயரைப் பிடுங்கினாள். லாஞ்சரைத் திறந்தால் அது பெயர் கேட்டது, ரகசிய எழுத்து கேட்டது, எங்கேயோ கேட்டுப் பார்த்தது. பதில் வரவில்லை, அதனால் திறக்க மாட்டேன் என்று பலகை வைத்துவிட்டது.

ஒயர் இருந்தால் ஆட்டம் நொண்டும். ஒயரைப் பிடுங்கினால் ஆட்டமே கிடையாது. கடை மலிகாவுடையது, மிஷின் மலிகாவுடையது, கடையில் பில் போட்டு வாங்கிய சிடி. அதைத் திறக்கலாமா என்று கேட்க வேண்டிய ஆள் மட்டும் வேறு எங்கேயோ இருக்கிறான். முன்பின் தெரியாத ஒருத்தன் தன் வீட்டுப் பின்கட்டில் பாய் விரித்துப் படுத்திருப்பதை இன்றுதான் பார்த்தது போல மலிகாவுக்கு இருந்தது.

ரமாபாய்க்கு வாய் சும்மா இருக்குமா?

“இதின்னாடி அநியாயமா கீது? எங்கூட்டு டிவிய போட்றதுக்கு, எவங்கிட்டயோ ஃபோன் போட்டு, சார் போட்டுக்கட்டுமான்னு கேக்கணுமா? அவன் தூங்கிட்டான்னா?”

ஷாரிக் சிடிப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரியான எழுத்தில், இன்டர்நெட் கட்டாயம், லாஞ்சர் கட்டாயம் என்று போட்டிருந்தது. மலிகா அதைப் பார்த்ததில்லை.

இருந்தாலும் வல்லரசு லேசில் நம்புகிற ஆள் இல்லை. புது மிஷினே மட்டமாக இருக்கலாம், லாஞ்சர் மேல் பழி போடுகிறீர்களோ என்று கேட்டான். நியாயமான கேள்வி என்று மலிகா உடனே ஒத்துக்கொண்டாள். பழைய மிஷின் ஒன்றிலிருந்து ஆட்டத்தை எடுத்துவிட்டு, அந்தப் பழைய சிடியைப் புது மிஷினில் ஏற்றச் சொன்னாள். பிடுங்கிய ஃபோன் ஒயரைத் திரும்பச் செருகி, புது மிஷினின் புது சிடியையும் அதன் லாஞ்சரையும் பழையதில் ஏற்றச் சொன்னாள். ஏற்றி முடிக்கும் வரை, அன்றைக்குப் பிரிக்காமல் விட்டுப்போன சமோசாவுக்குப் பதில் வேறு சமோசா வந்தது. ரமாபாய் ஒன்று எடுத்துக்கொண்டாள். வல்லரசு எடுக்கவில்லை.

முதலில் புது மிஷினில் பழைய சிடி. வல்லரசுதான் ஆடினான். படம் தண்ணீரில் விட்ட எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. அடுத்தது பழைய மிஷினில் புது சிடி. ஷாரிக்கின் வெள்ளைக் குதிரை கோயிந்தா. இரண்டு அடி எடுத்து வைத்து நின்றது, மூச்சு வாங்கியது, இன்னொரு அடி வைத்தது. மிஷினில் ஒன்றும் இல்லை. கரியிலும் ஒன்றும் இல்லை. எல்லாம் அந்த வாசல்காரன் வேலை.

வல்லரசு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். சமோசா ஒன்று எடுத்துக்கொண்டான். மலிகாவைப் பார்க்காமல், “உனக்குத் தெரியாதுன்றது தெரிஞ்சிபோச்சுக்கா. ஆனா ஏரியால யாருக்குத் தெரியும்?” என்றான்.

அதற்குத்தான் அவள் காத்திருந்தாள். மறு ஆட்டம் வைப்போம் என்றாள். ஷாரிக் முந்திக்கொண்டு, லாஞ்சர் இல்லாத மிஷின் நாலுதானே இருக்கிறது, ஆளோ எட்டு ஆயிற்றே என்றான். புது சிடியைக் கடைக்காரன் திருப்பி வாங்க மாட்டான். பழைய சிடி இப்போது விற்பனையிலேயே இல்லை. எங்கே போனாலும் லாஞ்சரோடுதான் கிடைக்கிறது.

“நொண்டி நாலு, நல்லது நாலு. ஒரு டீமுக்கு நொண்டி ரெண்டு, நல்லது ரெண்டு” என்றாள் மலிகா. “பாதி ஆட்டத்துல கொடவுன்ல வாசல் மாறுனா பத்தாது. எழுந்து நாற்காலி மாறணும். மழை பேஞ்ச மைதானத்துல ரெண்டு டீமுந்தான் வழுக்கி வுழுவான். எங்க அத்தா எந்த மழைக்கும் ஆட்டத்த நிறுத்துனதில்ல.”

மறு ஆட்டத்துக்குக் கூட்டம் படி வரை நின்றது. புளியந்தோப்பிலிருந்துகூட வந்திருந்தார்கள். ரெஃப்ரி பொண்ணு இந்தத் தடவை எப்படி ஏமாற்றுகிறாள் பார்க்கலாம் என்று ஒருத்தன் காதில் விழவே சொன்னான். மலிகா திரும்பவில்லை. காசு சுண்டினாள். ரமாபாய் தானாகவே நடுவில் நாற்காலி போட்டுக்கொண்டு, யாராவது அடுத்தவன் திரையைப் பார்த்தால் பிடரியில் தட்டுகிற வேலையை எடுத்துக்கொண்டாள்.

ஆட்டம் மேலும் கீழுமாகப் போயிற்று. இந்தப் பக்கம் ஒருத்தன் படம் நின்று சாவான், அடுத்த நிமிஷம் அந்தப் பக்கம் ஒருத்தன். யார் செத்தாலும் கூட்டம் சிரித்தது. பாதியில் எழுந்து நாற்காலி மாறினார்கள். மாறியபோது வல்லரசும் ஷாரிக்கும் புது சிடிக்கு வந்து சேர்ந்தார்கள். கடைசிச் சுற்றுக்கு வரும்போது இரண்டு பக்கமும் சமம்.

அந்தக் கடைசிச் சுற்றில், வல்லரசு மூட்டைக்குப் பின்னால் பதுங்கியிருந்தான். எதிரே ஷாரிக்கின் நிழல் தெரிந்தது. எழுந்து குறி வைத்தான். திரையில் கிடங்கு காணாமல் போனது. அங்கே லாஞ்சர் வந்து நின்றது. புதுசாக ஒன்று வந்திருக்கிறது, இறக்கிக்கொண்டிருக்கிறேன், முடியும் வரை காத்திரு என்று எழுதியிருந்தது. ஷாரிக்கின் திரையிலும் அதுவேதான். நாலு லாஞ்சரும் ஒரே நேரத்தில் நாலு கதவையும் சாத்திவிட்டன.

மலிகா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான், இந்தத் தடவையும் போயிற்று என்றே நினைத்தாள். பிறகு எண்ணிப் பார்த்தாள். இந்தப் பக்கம் இரண்டு பேர் போயிருந்தார்கள், அந்தப் பக்கமும் இரண்டு பேர். மீதி இரண்டுக்கு இரண்டு பழைய சிடி மிஷின்களில் ஆடிக்கொண்டேதான் இருந்தார்கள்.

“நடக்கட்டும்” என்றாள்.

வல்லரசு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். ஷாரிக்கும் எழுந்தான். சற்று முன்வரை ஒருவனை ஒருவன் சுடப் பார்த்தவர்கள், தோளோடு தோள் இடிக்க நின்று, மீதி ஆட்டத்தைப் பார்த்தார்கள். வியாசர்பாடிப் பையன் ஒருத்தன் விழுந்தான். தண்டையார்பேட்டைப் பையன் ஒருத்தன் விழுந்தான். ஒன்றுக்கு ஒன்று. கிடங்கின் இரண்டு மூலையிலிருந்தும் வெளியே வந்தார்கள். தண்டையார்பேட்டைக்காரன் முதலில் சுட்டான்.

யாரும் மேசையைத் தட்டவில்லை. எல்லோரும் வல்லரசைப் பார்த்தார்கள். மறுபடியும் தோல்வி, மறுபடியும் இந்தக் கடையில். படியில் நின்றவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ரமாபாய் ஒரு பார்வை பார்த்தாள், வாய் மூடிக்கொண்டது.

வல்லரசு ஷாரிக்குக்குக் கை கொடுத்தான். பிறகு மலிகாவிடம் வந்தான். அப்போதுதான் அவள் கவனித்தாள், இஸ்திரி போட்ட அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

“இந்த வாட்டி நாங்கதான்க்கா தோத்தோம்” என்றான், படியில் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

மலிகா திரும்பிப் புது சிடி மிஷின்களைப் பார்த்தாள். நாலு திரையிலும் லாஞ்சர் இன்னும் அதே பலகையோடு நின்றுகொண்டிருந்தது. விளக்கு நாலும் துடித்துக்கொண்டே இருந்தன.

மறுநாள் கடை வாசலில் ஒரு அட்டை தொங்கியது. ஷாரிக்கை எழுத வைத்துத் தொங்கவிட்டிருந்தாள். புது சிடி மிஷின் நாலு, நடுவில் நிற்கும். பழைய சிடி மிஷின் நாலு, நிற்காது. யார் வந்தாலும் பாதியில் நாற்காலி மாற வேண்டும்.